அண்ணாவுக்கு மாரடைப்பு வந்தது, எனக்கும் வருமா?

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 42. யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு என் அண்ணாவுக்கு 47 வயதில் மாரடைப்பு வந்து, இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அப்பாவும் 58 வயதில் நெஞ்சுநோ என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். பயத்தில் நானும் இரத்தம் சோதித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் 222, எல்.டி.எல். 146, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைட் 200. 'போடர்லைன்தான், பயப்பிடாதேங்கோ' என்று லாப்பில் இருந்த பிள்ளை சொன்னது. அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் நிறுத்தம். கனடாவில் இருக்கிற மச்சாள் ஒலிவ் எண்ணெய் அனுப்பியிருக்கிறா. உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு, அப்பிள் வினிகர் காய்ச்சித் தேன் விட்டு வெறும் வயிற்றில் குடிக்கிறேன், அடைப்பைக் கரைக்கும் என்று வட்ஸ்அப்பில் வந்தது. அண்ணாவின் அஸ்பிரினிலும் தினம் ஒன்று போடுகிறேன். குடிப்பழக்கம் இல்லை. சிகரட் ஒரு நாளைக்கு மூன்று, நாலு. கடையில் ஆறு தேத்தண்ணி. உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொழும்புக்குப் போய் ஒரு அஞ்சியோகிராம் செய்து பார்த்துவிடட்டா? தேங்காய் திரும்பச் சாப்பிடலாமா?

பதில்: தம்பி, கடிதம் முழுக்கத் தேங்காயும் எண்ணெயும் கசாயமும். சிகரட்டுக்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். நான் அந்த அரை வரியிலிருந்து தொடங்குகிறேன், கோபிக்க வேண்டாம். தேங்காய்க்குப் பிறகு வருவேன்.

இருபது பிடிக்கிறவனோடு பார்த்தால் நான் பிடிக்கிறது ஐந்தில் ஒரு பங்கு, எனவே எனக்கு வரக்கூடிய கேடும் ஐந்தில் ஒரு பங்குதான் என்று நாலு சிகரட் பிடிக்கிற எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். இதயத்துக்குச் சரிவராது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்வது இதுதான்: நாளுக்கு ஒரேயொரு சிகரட் பிடிக்கிறவருக்கே, இருபது பிடிக்கிறவருக்குக் கூடுகிற இதய ஆபத்தில் ஏறக்குறையப் பாதி வந்து சேர்ந்துவிடுகிறது. ஏனென்றால் இரத்தக்குழாயின் உள்ளோரத்தைப் புண்படுத்தவும், இரத்தத்தை உறையும் பதத்துக்குக் கொண்டுவரவும் நிறையப் புகை தேவையில்லை, கொஞ்சம் போதும். ஆகவே நாலை இரண்டாகக் குறைத்துவிட்டேன் என்று வந்து சொன்னால் நான் கைதட்டமாட்டேன். முழுதாக விட்டால்தான் கணக்கு மாறும். விட்டு ஒரு வருடம் போனால், சிகரட்டால் கூடியிருந்த இதய ஆபத்து பாதியளவுக்கு இறங்குகிறது. எந்த எண்ணெயை மாற்றியும் இவ்வளவு லாபம் ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

எப்படி விடுவது? நாளுக்கு நாலு பிடிக்கிறவருக்கு நிக்கொட்டின் அடிமைத்தனத்தைவிட நேரப் பழக்கம்தான் கூடுதலாக இருக்கும். சீமெந்து லொறி இறக்கி முடிந்ததும் ஒன்று, பத்து மணித் தேத்தண்ணியோடு ஒன்று, பின்னேரம் ஒன்று, கடை பூட்டிவிட்டு ஒன்று, சரிதானே? அப்படியானால் சிகரட்டோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த நாலு நேரத்தையும் குழப்பிவிடுவது சுகம். தேத்தண்ணியைக் கடை வாசலில் நின்று குடிக்காமல் உள்ளே மேசையில் இருந்து குடியுங்கள். சில்லறையாக ஒன்று இரண்டு வாங்குகிற பெட்டிக்கடைப் பக்கம் ஒரு மாதம் போகவேண்டாம், கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தாலும்! ஆசை வந்தால் அது சில நிமிடம் நின்று தானாகவே இறங்கும், முதல் சில நாள்தான் கடுமை. நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாமல் இருக்கிற ஊர் இது, அந்த நாட்களில் சிகரட்டையும் சேர்த்து நிறுத்தி அப்படியே விட்டுவிட்ட பலரை எனக்குத் தெரியும். அதற்காகத் திருவிழா வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்களால் முடியாவிட்டால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

சரி, இனி பரம்பரைக் கதை. அண்ணாவுக்கு 47 வயதில் வந்தது பெரிய விஷயம்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. அப்பா அல்லது ஆண் சகோதரருக்கு 55 வயதுக்கு முன்னும், அம்மா அல்லது பெண் சகோதரருக்கு 65 வயதுக்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால், மற்றவர்களும் கவனமாக இருக்கவேண்டிய குடும்பம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். அப்பாவின் 58 அந்தக் கோட்டுக்கு மற்றப் பக்கம் விழுகிறது, ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நீங்கள் பயந்ததில் பிழை இல்லை. எங்கள் ஆட்களுக்கு, அதாவது தென்னாசியர் எல்லோருக்குமே, முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருகிறது. 52 நாடுகளில் செய்த இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு 2004இல் வெளிவந்தது, அதில்தான் இந்த விஷயம் வடிவாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது: புகைத்தல், கெட்ட கொழுப்பு, பிறஷர், சலரோகம், வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடல் அசையாமை, மதுப்பழக்கம். இது எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் பொருந்தியது. அப்பாவிடமிருந்து வந்த இரத்தத்தை மாற்ற முடியாது, இந்த ஒன்பதில் பெரும்பாலானவற்றில் கைவைக்கலாம்.

அந்த ஒன்பதில் இரண்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிறஷர் எவ்வளவு? சீனி எவ்வளவு? ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பிறஷர் கூடினால் தலைசுற்றும், பிடரி இழுக்கும், அப்படி ஒன்றும் இல்லாததால் எனக்கு இல்லை என்று நினைத்திருப்பீர்கள். பிறஷர் வருடக்கணக்கில் ஒரு சத்தமும் காட்டாது. கருவியை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

பார்க்கிற முறையும் முக்கியம், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளால் இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்து கையை நீட்டுகிறார்கள். பார்க்க முன்னர் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் சிகரட்டும் கூடாது. சலம் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. கதிரையில் முதுகைச் சாய்த்து, காலுக்கு மேல் கால் போடாமல், இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, சட்டைக் கைக்கு மேலால் அல்ல, தோலில் நேராகப் பட்டியைச் சுற்றவேண்டும். பார்க்கும்போது கதைக்கக்கூடாது, போனையும் எடுக்கக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தரமும் பார்க்கவேண்டும். ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் இப்படிப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வந்தால், அது கிளினிக்கில் நான் ஒருதரம் பார்ப்பதைவிடப் பெறுமதியானது. வீட்டில் பார்க்கும் சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் என்றால் பிறஷர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மேல் கையில் கட்டுகிற கருவியாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்.

சீனிக்குச் சாப்பிடாமல் எடுக்கும் இரத்தச் சோதனை போதும், 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் சலரோகம். இதற்கெல்லாம் காசு கொட்டத் தேவையில்லை. அரச ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்று ஒன்று நடக்கிறது, 35 வயது தாண்டினவர்களுக்குப் பிறஷர், சீனி, நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தால் வரிசையில் நிற்பது அநேகமாகப் பெண்கள்தான். கடை முதலாளிமார் வருவது மிகக் குறைவு, வந்தால் மனைவி இழுத்துக்கொண்டு வந்திருப்பா.

உங்கள் கொலஸ்ட்ரோல் றிப்போட்டுக்கு வருவோம். லாப்பில் இருந்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு உங்கள் அண்ணாவின் கதையும் சிகரட் கதையும் தெரியாது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 146 என்பது ஒரு ஆபத்தும் இல்லாத ஆளுக்கு ஒரு மாதிரி, உங்களுக்கு இன்னொரு மாதிரி. உங்கள் எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 36, ஆண்களுக்கு அது 40க்கு மேல் இருப்பது நல்லது. ட்ரைகிளிசரைட் 200. நல்லது குறைவு, ட்ரைகிளிசரைட் கூட, இந்தச் சோடியைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது வயிறும் வெள்ளைச் சோறும் சீனியும்தான், தேங்காய் அல்ல. உங்கள் கடையில் அளவு நாடாவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இரும்பு நாடா வேண்டாம், தையல் நாடா ஒன்று எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை எக்கிப் பிடிக்காமல் சுற்றிப் பாருங்கள். எங்கள் ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர்தான் எல்லை, பெண்களுக்கு 80. கால்சட்டை அளவைச் சொல்லித் தப்பவேண்டாம், அதை எல்லோரும் வயிற்றுக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.

இந்தப் பெறுமானங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கொலஸ்ட்ரோல் குளிசை தேவையா இல்லையா என்ற பேச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை ஒன்றை வைத்து வயது, ஆணா பெண்ணா, புகைத்தல், பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைப் போட்டு அடுத்த பத்து வருட ஆபத்தைக் கணிப்போம். அதில் அண்ணாவுக்கு வந்தது கணக்கில் வராது, ஆகவே டொக்டரிடம் அதை நீங்களே வாயைத் திறந்து சொல்லவேண்டும். குளிசை போடச் சொன்னால் போடுங்கள். அதைத் தொடங்கினால் கிட்னி பழுதாகும் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது, அதில் உண்மை இல்லை. சிலருக்குத் தசை நோகும், அப்போது மருந்தையோ அளவையோ மாற்றலாம்.

குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பைப் பார்க்கிற அஞ்சியோகிராம் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். காரணத்தை உங்கள் கடைச் சாமானை வைத்தே சொல்கிறேன். இரத்தக்குழாய் நீங்கள் விற்கிற பி.வி.சி. பைப் மாதிரி என்றும், உள்ளே அழுக்குப் படிந்து படிந்து ஒருநாள் அடைபட்டுப் போகிறது என்றும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளே சேர்கிறது. அந்தக் கொழுப்புக் கட்டியின் மேல்தோல் மெல்லியதாகி வெடித்தால், வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து நிமிடக்கணக்கில் குழாயை மூடிவிடுகிறது, அதுதான் மாரடைப்பு. வெடிக்கிற கட்டி பெரும்பாலும் பெரிய அடைப்பாக இருந்ததே இல்லை. முதல் கிழமை அஞ்சியோ செய்து 'முப்பது வீதம்தான்' என்று சந்தோஷமாகத் திரும்பினவருக்கு அதே இடம் பிறகு வெடிக்கலாம். நெஞ்சுநோ இல்லாத ஆளுக்கு அந்தச் சோதனை நிம்மதியைப் பொய்யாகத்தான் கொடுக்கும், அதோடு குழாய்க்குள் கம்பி விடுகிற வேலைக்கு அதற்கென்று சிறிய ஆபத்தும் உண்டு. ஈ.சி.ஜி. நல்லது என்று வந்தாலும் இதே கதைதான், அது அந்த நிமிடத்தைச் சொல்லும், நாளையைச் சொல்லாது. ஆனால் படி ஏறும்போது, மூட்டை தூக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் கதை வேறு. அப்போது உடனே வாருங்கள், என்ன சோதனை தேவை என்று பார்த்துச் சொல்வார்கள்.

கசாயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுவருக்குள்ளே இருக்கிற கொழுப்பை வயிற்றுக்குள் போகிற வினிகர் எப்படிப் போய்க் கரைக்கும்? உள்ளி கொலஸ்ட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும் என்று சில ஆய்வுகள் உண்டு, அதைக் கறியில் போட்டுச் சாப்பிடுங்கள், ரசத்தில் தட்டிப் போடுங்கள். வெறும் வயிற்றில் தினமும் புளிப்பை ஊற்றினால் பல்லும் வயிறும்தான் எரியும். வயிறு எரிந்தால் நெஞ்சு எரியும், பிறகு நெஞ்சு எரிவது கசாயத்தாலா இதயத்தாலா என்று தெரியாமல் நீங்களும் குழம்பி எங்களையும் குழப்புவீர்கள். தேன் விடுகிறீர்கள், அதுவும் சீனிதான்.

அஸ்பிரினை இன்றைக்கே நிறுத்துங்கள். இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். ஒருதரம் மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது உயிர்காக்கும் மருந்து. வருத்தம் வராதவருக்கு அது தருகிற நன்மையும், வயிற்றிலும் மூளையிலும் இரத்தக்கசிவை உண்டாக்குகிற தீமையும் ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது, 2018இல் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு சும்மா இருக்கிறவருக்கு அதைக் கொடுக்கிற வழக்கத்தை உலகம் முழுக்கக் குறைத்துவிட்டார்கள். அதோடு இது யாழ்ப்பாணம். மாரி மழையோடு டெங்கு வரும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் உடம்பில் இருந்தால் இரத்தப்போக்கு மோசமாகும், காய்ச்சல் வார்ட்டில் நாங்கள் பயப்படுகிற விஷயங்களில் அது ஒன்று.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. அண்ணாவின் குளிசையில் நீங்கள் தினம் ஒன்று எடுத்தால் அண்ணாவுக்கு எப்படிக் காணும்? ஒன்றில் அவர் கிளினிக்கில் கிடைக்கிறதை உங்களோடு பங்குபோடுகிறார், அல்லது சுகம்தானே என்று நினைத்து ஒழுங்காகப் போடாமல் விடுகிறார். இரண்டாவதாக இருக்குமோ என்றுதான் என் பயம். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசைகளை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே உறைந்து அடைபடலாம். இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்க் குளிசைப் பையைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

சரி, தேங்காய். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறைகொழுப்பு, அது எல்.டி.எல். ஐக் கூட்டும், இதில் சந்தேகம் இல்லை, அது இதயத்துக்கு அமிர்தம் என்று போனில் வருகிற வீடியோக்களை நம்பவேண்டாம். ஆனால் தேங்காயை நஞ்சாக்கி வீட்டில் சண்டை பிடிக்கவும் வேண்டாம். புட்டுக்குள் இரண்டு கைபிடி தேங்காய்ப்பூ, சொதிக்கு முதற்பால், கறிக்கு முதற்பால், தொட்டுக்கொள்ளச் சம்பல், பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய் என்று ஒரே நேரச் சாப்பாட்டில் ஐந்து இடத்தில் தேங்காய் இருப்பதுதான் பிரச்சினை. ஐந்தை ஒன்று இரண்டாக்குங்கள். சொதியைத் தண்ணியான கப்பிப்பாலில் வையுங்கள், தக்காளியும் வெந்தயமும் இருந்தால் ருசி குறையாது. சம்பல் இருக்கிற அன்று கறிக்குப் பால் வேண்டாம்.

ஒலிவ் எண்ணெய் நல்லதுதான், மச்சாளுக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் போத்தல் முடிந்ததும் கனடாவைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். எங்கள் வீடுகளில் எப்பவும் இருக்கிற நல்லெண்ணெயே போதும், அதில் உறைகொழுப்பு ஏழில் ஒரு பங்குதான். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்று பாருங்கள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கும்போது கத்தரிக்காய் எவ்வளவு எண்ணெயைக் குடிக்கிறது என்று ஒருநாள் அடுப்படியில் நின்று பாருங்கள், தாச்சியில் ஊற்றினதில் திரும்பி வடிவது சொற்பம். அது ஒலிவ் எண்ணெயாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றித்தான் போய் நிற்கும்.

உப்பைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும், அதாவது எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மத்தியானம் ஒரு கோப்பையில் கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் நாலும் இருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நாலையும் விடச் சொல்லவில்லை, ஒரு நேரத்துக்கு ஒன்று. கருவாட்டுக்குப் பதிலாகப் பச்சை மீன், அதிலும் சூடை, மத்தி மாதிரி மலிவான எண்ணெய் மீன்தான் இதயத்துக்கு நல்லது, விலை கூடின மீனைத் தேடத் தேவையில்லை. பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

சோற்றைக் குறையுங்கள் என்று சொன்னால் எங்கள் ஆட்களின் முகம் மாறிவிடும், தெரியும். கோப்பையில் பாதிக்கு முதலில் மரக்கறியும் கீரையும் போட்டுவிட்டு, பிறகு சோற்றைப் போடுங்கள், அது தானாகக் குறையும். சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் நல்லது. முருங்கை இலை வேலியில் நிற்கிறது, வல்லாரையும் பொன்னாங்காணியும் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் குரக்கன் என்ற தைரியத்தில் நீத்துப்பெட்டி முழுவதையும் கவிழ்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

ஆறு தேத்தண்ணி என்று எழுதியிருக்கிறீர்கள், கடைத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனிக்குக் குறையாது. பன்னிரண்டு கரண்டி, ஏறக்குறைய 50 கிராம். வெளியிலிருந்து சேர்க்கிற சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, நீங்கள் தேத்தண்ணியிலேயே அதன் இரண்டு மடங்கைக் குடிக்கிறீர்கள். அந்த ட்ரைகிளிசரைட் 200இல் இதற்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாகக் குறையுங்கள், சீனியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக இறக்குங்கள், ஒரு மாதத்தில் பழைய தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாமல் போகும். பனங்கட்டிக் கடித்துக் குடித்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். அளவாகக் கடித்தால் பரவாயில்லை, ஆனால் அதுவும் சீனிதான். கடை பூட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் பிறகு கொத்துரொட்டி கட்டிக்கொண்டு போகிற வழக்கம் இருந்தால், எழுதாமல் விட்டிருந்தாலும், அதையும் பாருங்கள்.

நடை. கிழமைக்கு 150 நிமிடம், மூச்சுக் கொஞ்சம் வாங்கும், ஆனால் கதைக்கலாம், பாட முடியாது, அந்த வேகம். கடைக்குள் நாள் முழுக்க நிற்கிறேனே என்று சொல்வீர்கள், நிற்பது நடப்பதாகாது. பண்ணைக் கடற்கரைப் பக்கம் விடிய ஆட்கள் நடக்கிறார்கள், அங்கே போகவேண்டும் என்றில்லை, போவதற்கு மோட்டார் சைக்கிளை எடுக்கவேண்டி வரும் என்றால் அது கூத்து. கொக்குவில் ஒழுங்கைகள் போதும். அதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் கொட்டிலில் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று நிச்சயமாகச் சாத்திக்கிடக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடியது, 2022இல் எரிபொருள் வரிசை வந்தபோதும் அதைத்தான் தட்டித் துடைத்து எடுத்தோம். வீட்டுக்கும் கடைக்கும் அதில் போய் வாருங்கள், நடைக்கென்று தனி நேரம் தேடத் தேவையில்லை.

நித்திரையைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும், இதற்கு உங்கள் மனைவிதான் பதில் சொல்லவேண்டும். பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறீர்களா? அப்படியானால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அது பிறஷரைக் கூட்டும்.

அப்பாவின் கதையில் ஒரு சொல் என் மனதில் நின்றுவிட்டது, கொண்டுபோகும் வழியில் என்றது. என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பொதுவாக இங்கே நடப்பது என்னவென்றால், நெஞ்சு இறுகுகிறது என்றதும் வாய்வு என்று சொல்லி ஒரு சோடா, பிறகு ஓமத்தண்ணீர், பிறகு கொஞ்சம் படுத்துப் பார்ப்பது, பிறகு விடியட்டும் என்பது. நெஞ்சின் நடுவே கல் வைத்த மாதிரி இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, சத்தி, மூச்சு முட்டு, இதில் எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் வாய்வா இல்லையா என்று வீட்டில் விவாதிக்கவேண்டாம். பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் நோவே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம், இதை உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் சொல்லி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவதும் பின்னால் இருத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். பழகின டொக்டரின் தனியார் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம், யாழ். போதனாவோ தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளோ, எது கிட்டவோ அதற்கு நேராகப் போங்கள். முதல் ஈ.சி.ஜி. எவ்வளவு கெதியாக எடுபடுகிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை மிஞ்சும். நிறுத்தச் சொன்ன அஸ்பிரினுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது: ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் சப்பி விழுங்கச் சொல்வார்கள், போனில் 1990காரரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அண்ணாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, மாரடைப்பு வந்த நேரம் அவருடைய எல்.டி.எல். எவ்வளவு என்று பாருங்கள். அது 190க்கு மேல் இருந்திருந்தால் பிறவியிலேயே கொலஸ்ட்ரோல் கூடுகிற குடும்பமாக இருக்கலாம், அப்போது அவருடைய பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்க்கவேண்டும், சின்னப் பிள்ளைகள்தானே என்று விடக்கூடாது. ஒரு கிழமைப் பிறஷர்க் கொப்பி, சாப்பிடாமல் எடுத்த சீனி, இப்போது இருக்கிற கொலஸ்ட்ரோல் றிப்போட், அண்ணாவின் கொப்பியின் போட்டோப்பிரதி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போங்கள். போகும்போது அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய குளிசைப் பையோடு.